18 சென்ட் நிலமும் மேலானவைகளும்

கேள்வி: ஐயா, எனக்கு 47 வயது. சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். 19 வருஷமாக துபாயில் இருக்கிறேன். ஏசி மெக்கானிக்காகப் போனவன் இப்போது சூப்பர்வைசர். மனைவியும் 15 வயது மகளும் 12 வயது மகனும் ஊரில். மூன்று வருஷமாக ஊரில் வீடு கட்டுகிறேன், மேலும் கீழுமாக 2,800 சதுர அடி. இதுவரை 41 லட்சம் போய்விட்டது, இன்னும் 20 லட்சமாவது வேண்டும். ஜனவரி லீவில் வந்தபோது ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் "மேலானவைகளையே நாடுங்கள்" என்று பிரசங்கம் கேட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வீடு எனக்கு விக்கிரகமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா? வீட்டை இப்படியே நிறுத்திவிட்டு கையில் இருக்கும் 15 லட்சத்தை அந்தக் கூட்டம் நடத்தின ஊழியத்துக்கே கொடுத்துவிடலாமா? அப்படிக் கொடுத்தால் கர்த்தர் நூறு மடங்காகத் திருப்பித் தருவார், வீட்டையும் அவரே முடிப்பார் என்று அங்கே சொன்னார்கள். மனைவி இதைக் கேட்டதிலிருந்து போனில் சரியாகப் பேசுவதில்லை. அண்ணனிடம் யோசனை கேட்கலாம் என்றால், அப்பா விட்டுப்போன 18 சென்ட் விஷயத்தில் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை; சரிபாதி 9 நான் கேட்டேன், அவர் 12 வேண்டும் என்கிறார், தங்கைக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாச்சு. அம்மா அண்ணன் வீட்டில்தான். நித்தியமானதை நாடுகிறவன் இந்த உலகப் பொருளை என்ன செய்ய வேண்டும்? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன், இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு. 33 வருஷம் சபைகளில் ஐயராக, அதாவது போதகராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜனங்கள் எதை நீட்டி எழுதுகிறார்கள், எதை ஓரத்தில் ஒதுக்குகிறார்கள் என்று பார்ப்பது பழக்கமாகிப் போச்சு. நீங்கள் எழுதின நாலு பக்கத்தில் வீட்டுக்கு மட்டும் இரண்டரை பக்கம்: கம்பி விலை, தேக்கு நிலை வாங்கின கதை, முதல் கொத்தனார் பாதியில் விட்டுப் போனது, டைல்ஸ் நிறம் வரைக்கும் இருக்கிறது. ஊழிய ஆசைக்கு ஒரு பக்கம். மனைவிக்கு அஞ்சாறு வரி. அண்ணனுக்கு மூன்றே வரி. அம்மாவுக்கு ஒரு வரி, அதுவும் அண்ணனுடைய வரியின் வாலில் தொங்குகிறது. உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கடைசி நாலு வரியில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு வருகிறேன். முதலில் தூக்கத்தைக் கெடுத்த வசனத்தைப் பார்த்துவிடுவோம்.

"பூமியிலுள்ளவைகளையல்ல, மேலானவைகளையே நாடுங்கள்." பவுல் அப்போஸ்தலன் கொலோசெ சபைக்கு எழுதின நிருபம், மூன்றாம் அதிகாரம், இரண்டாம் வசனம். இதைப் பிரசங்கத்தில் கேட்கும்போது பூமியிலுள்ளவை என்றதும் நம் மனதில் வருவது வீடு, நகை, பைக், பேங்க் பாஸ்புக். மேலானவை என்றதும் ஜெபம், உபவாசம், கூட்டம், காணிக்கை. ஆனால் பவுல் இதை நம் ஊகத்துக்கு விட்டுவைக்கவில்லை. மூன்று வசனம் தள்ளி அவரே பட்டியல் போடுகிறார்: விபசாரம், அசுத்தம், மோகம், துர்இச்சை, விக்கிரகாராதனையான பொருளாசை. எட்டாம் வசனத்தில் இன்னும் கொஞ்சம்: கோபம், மூர்க்கம், பொறாமை, தூஷணம், வம்புவார்த்தை. பூமியிலுள்ளவைகள் என்று அவர் சொன்னது இவைகளை. அந்தப் பட்டியலில் செங்கலும் இல்லை, சிமெண்டும் இல்லை. பொருளாசை இருக்கிறது, பொருள் இல்லை. சரி, மேலானவை எவை என்று பார்த்தால் 12-ஆம் வசனத்திலிருந்து வருகிறது: உருக்கமான இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை. அப்புறம் 13-ஆம் வசனம், இதை மட்டும் முழுசாக எடுத்துப் படியுங்கள், ஒருவர்பேரில் ஒருவருக்குக் குறைபாடு உண்டானால் கிறிஸ்து மன்னித்ததுபோல ஒருவருக்கொருவர் மன்னியுங்கள் என்று இருக்கும். அதன் பிறகு பவுல் எங்கே போகிறார்? பரலோகத்துக்கா? மனைவி, புருஷன், பிள்ளைகள், தகப்பன், வேலைக்காரன், எஜமான் என்று நேராக வீட்டுக்குள்ளேதான் போகிறார். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற வசனமும் அங்கேதான் வருகிறது, அதுவும் அந்தக் காலத்து அடிமைகளுக்குச் சொல்லும் இடத்தில். 45 டிகிரி வெயிலில் மொட்டைமாடி மேல் ஏறி ஏசி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிறவனுக்கும் அது சேரும்.

அந்த நிருபத்தை எழுதினபோது அவர் காவலில் இருந்தார், கடைசி வரியில் "என் கட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அதைக் கொண்டுபோனவர்களில் ஒருவன் ஒநேசிமு என்ற அடிமை. அவனுடைய எஜமானாகிய பிலேமோனுக்கு எழுதின சின்ன நிருபத்தில், அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்று எழுதி, நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையெழுத்தும் போடுகிறார். மேலானவைகளை நாடச் சொன்ன அதே மனுஷர், இரண்டு பேர் சேர வேண்டும் என்பதற்காகக் கடன் கணக்குக்கு ஜாமீன் நிற்கிறார். சாகப்போகிற நேரத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். குளிருக்கு அங்கி கேட்டதால் அவர் உலகப்பற்று பிடித்தவர் ஆகிவிட்டாரா?

ஆகவே வீடு கட்டுவது பாவம் இல்லை. இதைச் சொல்லிவிட்டு நான் நழுவிவிடப் போவதில்லை, ஏனென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்த வீடுகளுக்குக் கணக்கே இல்லை. எபிநேசர், யெகோவாயீரே, பெத்தேல் என்று வாசலில் பெயர், "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா" என்று கிரானைட்டில் வசனம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பத்து வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனால் மாடியில் நாலு ரூமும் பூட்டிக் கிடக்கும், கீழே ஒரு பாட்டியம்மா ஒரு கட்டிலில், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். வசனம் மட்டும் பளபளவென்று இருக்கும், கிரானைட் இல்லையா. உங்கள் வீட்டுக்கு மேல்மாடி எதற்கு என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எடுத்திருக்கிறார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றி வேண்டுமானால் பயப்படுங்கள், வீட்டைப் பற்றி வேண்டாம்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், கோபப்படாதீர்கள். உங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு. மகளுக்கு 15 வயது. அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு லீவையும் தவறாமல் எடுத்து ஊருக்கு வந்திருந்தாலும் நீங்கள் அவளோடு இருந்தது 450 நாள், ஒண்ணேகால் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கடைசி மூன்று லீவும் கொத்தனாரோடும் எஞ்சினியரோடும் போயிருக்கும். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. வளைகுடாவுக்குப் போனவன் யாரும் ஜாலிக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும், என் கூடப்பிறந்தவனும் 22 வருஷம் மஸ்கட்டில் கிடந்தவன்தான். நித்தியத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். அந்த 2,800 சதுர அடியில் நித்தியமாய் இருக்கப்போவது ஒன்றும் கிடையாது, அதற்குள் இருக்கப்போகிற நாலு பேரைத் தவிர.

வேலையை விடுவது பற்றி. வேண்டாம், இப்போது வேண்டாம். கன்வென்ஷன் பந்தலில் எடுத்த முடிவை பந்தல் பிரித்த பிறகு ஒரு வருஷம் கிடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வழக்கமான யோசனை. தெசலோனிக்கேயில் சிலர் ஒழுங்காக வேலை செய்யாமல் வீண் அலுவற்காரராய்த் திரிந்தார்கள், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற கலக்கமும் அந்தச் சபையில் இருந்தது. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கண்டிப்பாக எழுதினது அவர்களுக்குத்தான். அவரே கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு சேர்ந்து கூடாரம் தைத்துப் பிழைத்தவர். உங்களுக்கு உண்மையாகவே அழைப்பு இருந்தால் அது அங்கே தொழிலாளர் கேம்ப்பிலேயே தெரியும். உங்கள் கீழே 14 பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒருவனுக்கு ஊரில் அப்பா செத்துப்போனால் டிக்கெட்டுக்கு ஓடுகிறது யார்? சம்பளம் வாங்கின அன்றைக்கே குடித்துத் தீர்க்கிற பையனோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறது யார்? அதை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால் ஊழியத்தில் இருக்கிறீர்கள். செய்யவில்லை என்றால் ஊருக்கு வந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டும் செய்யமாட்டீர்கள். (வெள்ளைச் சட்டைக்காரன் சொல்கிறேன், கேளுங்கள்.)

15 லட்சத்துக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. 15 கொடுத்தால் கர்த்தர் நூறு மடங்கு தருவார், வீட்டையும் முடிப்பார் என்று ஒருவர் சொல்லி, அதைக் கேட்டு நீங்கள் கொடுத்தால், அது காணிக்கையே கிடையாது, முதலீடு. வட்டி விகிதம் மட்டும் பேங்கைவிட அதிகம். மேலானவைகளை நாடுங்கள் என்று ஆரம்பித்த பிரசங்கம் கடைசியில் உங்கள் மேல்மாடியில்தானே வந்து முடிந்திருக்கிறது? பொருளாசையை விடச் சொல்லிவிட்டு, அந்தப் பொருளாசைக்கே தூண்டில் போடுகிற வித்தை இது. அவர்கள் எல்லோரும் கள்ளர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள், அதுதான் இன்னும் கஷ்டம்.

இயேசு காலத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. கொர்பான் என்று பெயர். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, இது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் அதை எவ்வளவு கடிந்து பேசுகிறார் என்று பாருங்கள். உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். உங்கள் அம்மாவுக்கு என்ன வயது என்றுகூடக் கடிதத்தில் இல்லை. அண்ணனுக்கே 52 என்றால் அம்மா எழுபதைத் தாண்டியிருப்பார்கள். ஆறு வருஷமாக அண்ணனோடு பேச்சில்லை என்றால், அந்த வீட்டு முற்றத்தில் நீங்கள் கால் வைத்து எத்தனை நாளாச்சு? அம்மாவுக்கு மாத்திரை வாங்குகிறது யார், ராத்திரி எழும்பினால் பிடித்துக்கொள்கிறது யார்? அண்ணிதானே? தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று எழுதினதும் அதே பவுல்தான், தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபத்தில், அதுவும் விதவைகளைப் பற்றிப் பேசும்போது. உங்கள் அம்மா ஒரு விதவை, தம்பி.

இனி அந்த 18 சென்ட்.

லூக்கா 12-ல் மதிகெட்ட ஐசுவரியவான் கதை எல்லோருக்கும் தெரியும். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன், ஆத்துமாவே, இளைப்பாறி, புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு என்று தனக்குத்தானே பேசிக்கொண்டவனுக்கு அன்றைக்கு ராத்திரியே கணக்கு முடிந்துவிடுகிறது. நீங்கள் போன கன்வென்ஷனிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தக் கதையை ஆண்டவர் ஏன் சொன்னார் என்பதை பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கூட்டத்தில் ஒருவன் எழுந்து, போதகரே, ஆஸ்தியைப் பாகம்பிரித்து எனக்குத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று கேட்கிறான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைத் தகராறு! அதிலிருந்துதான் அந்த உவமையே பிறந்தது. என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று மறுத்துவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று ஆரம்பிக்கிறார். அதாவது வீடு கட்டுகிறவனைப் பார்த்துச் சொன்ன கதை இல்லை அது, கூடப்பிறந்தவனோடு நிலத்துக்கு மல்லுக்கு நின்றவனைப் பார்த்துச் சொன்னது. நீங்கள் ஆறு மாசமாக வீட்டை நினைத்துத் தூங்கவில்லை. அண்ணனை நினைத்து ஆறு வருஷமாக நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள்.

சட்டமும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சண்டையே ஒரு தப்புக் கணக்கின் மேல் நிற்கிறது. உங்கள் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதன்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் சமமாக. 18 சென்ட் என்றால் அம்மாவுக்கு 6, அண்ணனுக்கு 4, உங்களுக்கு 4, தங்கைக்கு 4. முடிந்தது கணக்கு. நீங்கள் 9 கேட்கிறீர்கள், அவர் 12 கேட்கிறார், இரண்டையும் கூட்டினால் 21 வருகிறது, அது வேறு விஷயம். இரண்டு பேரும் இழுத்துப் பறிக்கிறது உங்கள் பங்கையே இல்லை, அம்மாவுடைய ஆறையும் தங்கையுடைய நாலையும். கல்யாணத்தில் செய்தாச்சு என்பீர்கள். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது, சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. அந்தச் சட்டம் இனி செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. அது கேரளத்து வழக்குதான். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் நம் ஆட்கள் மனதில் மட்டும் இன்னும் திருவிதாங்கூர் சட்டம்தான் ஓடுகிறது, சபைக் கமிட்டியில் இருக்கிற பெரியவர்கள் உட்பட. பத்திரம், பட்டா, உயில் இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள், நான் வக்கீல் இல்லை.

நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு 4 சென்ட் தான் என்று தெரிந்தால், அதை விட்டுக்கொடுக்கிறது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. அம்மாவைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கொஞ்சம் அதிகம் கேட்கிறதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தை வாசித்த எனக்கே தோன்றுகிறது, உங்களுக்குத் தோன்றாமலா இருக்கும். ஆனால் தங்கையுடைய நாலு சென்ட்டை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விட்டுக்கொடுத்து சமாதானமாகிவிடாதீர்கள். அப்படிப்பட்ட சமாதானங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுவார்கள், தங்கச்சி அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருப்பாள்.

காணிக்கை பற்றி ஆண்டவர் சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறது. பலிபீடத்தண்டை காணிக்கை கொண்டுவந்து நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. மத்தேயு 5. 15 லட்சம் அங்கேயே இருக்கட்டும். ஒப்புரவான பிறகு அந்தப் பணத்தில் எவ்வளவு கொடுக்கலாம், எங்கே கொடுக்கலாம் என்பது உங்களுக்கே வேறு மாதிரி தெரியும் என்று நினைக்கிறேன்.

நான் என்னமோ இதையெல்லாம் கடந்துவந்தவன் மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன். ஒரு சபையில் இருந்தபோது பாரிஷ் ஹால் கட்டினேன். மூன்று வருஷம், தினமும் அதே நினைப்பு. வசூல், ரசீது புத்தகம், யார் ஃபேன் கொடுத்தார், யார் பெயரை எந்தக் கல்லில் எந்த வரிசையில் போடுவது (அந்த வரிசைக்காக இரண்டு குடும்பம் சபையை விட்டே போனது). ஆலயத்துக்குப் பின்தெருவில் படுத்த படுக்கையாய் ஒரு அம்மா இருந்தார்கள், இராப்போஜனம் (நற்கருணை) கொடுக்க வாருங்கள் ஐயரே என்று பேத்தியை இரண்டு தடவை அனுப்பினார்கள். கூரை கான்கிரீட் போடுகிற வாரம் அது. திங்கட்கிழமை போகலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவிலேயே துக்க மணி அடித்தார்கள். ஆலய வேலை, தேவனுடைய வேலை என்று நினைத்துக்கொண்டு செய்ததுதான் அது. பூமியிலுள்ளவை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்கு, வேத கல்லூரியில் இல்லை.

அப்படியானால் எவ்வளவு போதும்? இதற்கு வசனத்தில் ஒரு எண் கிடையாது. "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்று இருக்கிறது, அந்தப் போதும் எங்கே என்று நாம்தான் கோடு கிழிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்போர்டு நாட்களின் ஒரு வாலிபனைப் பற்றிச் சொல்கிறார். வருஷத்துக்கு 30 பவுண்ட் வருமானம், 28 பவுண்டில் பிழைத்தான், இரண்டைக் கொடுத்தான். அடுத்த வருஷம் 60 வந்தது, அப்போதும் 28-தான் செலவு, 32 கொடுத்தான். மூன்றாம் வருஷம் 90, கொடுத்தது 62. நாலாம் வருஷம் 120, கொடுத்தது 92. அந்த வாலிபன் அவரேதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதே மாதிரி நீங்களும் இருங்கள் என்று சொல்லமாட்டேன். அவர் அப்போது கல்யாணம் ஆகாதவர், கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்தவரும் இல்லை. எனக்குப் பிடித்தது அந்த 28. செலவுக்குக் கோடு முதலில் போட்டுவிட்டு அப்புறம்தான் சம்பள உயர்வைப் பார்த்தார். நாம் சம்பளம் உயர்ந்த பிறகு கோட்டைத் தேடுகிறோம்.

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவார்கள், பிடியரிசி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். பஞ்ச காலத்திலும் அதை நிறுத்தினதில்லை, பிடி மட்டும் கொஞ்சம் சின்னதாகும். நம் தென் ஜில்லா சபைகளில் நிறைய வீடுகளில் இருந்த வழக்கம். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்களை நம் பணத்திலேயே அனுப்புவோம் என்று மிஷனெரி சங்கம் ஆரம்பித்து தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்களே, அப்படிப்பட்டதெல்லாம் பெரிய பணக்காரர்களின் செக்கில் நடந்ததில்லை. உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரே அடியாக 15 லட்சத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுப்பதைவிட, மாதாமாதம் சம்பளம் வந்த அன்றைக்கு ஒரு பிடி எடுத்துவைப்பது கடினம். மனசை மாற்றுகிறதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு என் யோசனை இது. கீழ்த்தளத்தை முடியுங்கள். பூச்சு, கரண்ட், தண்ணீர், கதவு, போதும். மேல்மாடி தூண் கம்பிகளுக்கு சிமெண்ட் பால் அடித்து அப்படியே விடுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கடன் வாங்காதீர்கள். கீழே ஒரு ரூமை, வாசலுக்குப் பக்கத்தில், பாத்ரூமோடு சேர்த்து, படி இல்லாமல் போடச் சொல்லுங்கள். அது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை; அம்மா வருவார்களோ மாட்டார்களோ, ரூம் இருக்கட்டும். மீதிப் பணத்தை வைத்து, இன்னும் எத்தனை வருஷம் அங்கே இருந்தால் போதும் என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு தேதி குறியுங்கள். உங்கள் மனைவி கோபமாக இருப்பது ஊழியத்தின்மேல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 19 வருஷமாக ரேஷன் கடையிலும் பள்ளிக்கூட மீட்டிங்கிலும் கொத்தனாரிடமும் தனியாக நின்றவளிடம், ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து முடிவை அறிவித்தால் அவள் என்ன செய்வாள்? முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், வசனம் எதுவும் சேர்க்காமல்.

அப்புறம் அண்ணன். கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவரை காத்திருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், குடும்ப குரூப்பில் நிச்சயமாகக் கூடாது. இந்த வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போன் போடுங்கள். நிலத்தைப் பற்றி முதல் தடவை பேசவே வேண்டாம். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள், அவர் சொல்கிறதை முழுசாகக் கேளுங்கள், அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறு வருஷ நம்பர், மாறியிருக்கலாம். எடுக்காவிட்டால் அண்ணியின் நம்பருக்குப் போடுங்கள், அதுவும் இல்லையென்றால் தங்கையிடம் கேட்டு வாங்குங்கள். தங்கையிடமும் ஆறு வருஷமாகப் பேசவில்லை என்றால் அவளிடமிருந்தே ஆரம்பியுங்கள்.